கோல்வ் மின்வண்டியின் பற்றரிகள்: நோயும் நோய்முதலும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கோல்வ் திடல்களில் ஓடும் சிறு மின்வண்டி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பெருவழக்காயிற்று. சோர்சியா மாநிலத்து ஒகஸ்ரா நகரம் அதன் ஆக்கத்துக்குப் பெயர்பெற்ற இடம். ஈ-இசட்-கோ என்னும் நிறுவனம் 1954ஆம் ஆண்டு அங்கேதான் தோன்றியது. இன்று அவ்வண்டி திடலின் எல்லையைக் கடந்து விட்டது. புளோரிடா போன்ற மாநிலங்களில் ஓய்வுபெற்ற முதியோர் வாழும் குடியிருப்புகளிலே, கடைக்கும் மருத்துவரிடத்துக்கும் செல்வதற்கு அதுவே ஊர்தி. அத்தகைய ஒருவரின் வண்டி பாதிவழியில் நின்றுவிடின், அவர் பெரும்பாலுங் கேட்கும் முதல் அறிவுரை, "ஆறு பற்றரிகளையும் மாற்றிவிடுங்கள்" என்பதாகும். செலவு மிக்க இவ்வறிவுரை சிலவேளை சரியானதே, பலவேளை தவறானது. எஞ்சிய ஐந்தும் நல்லனவாயிருக்க ஆறையும் எறிவதும், ஒரு வடத்தின் முனை தளர்ந்திருக்கப் பற்றரியைப் பழிப்பதும் அறிவியன் முறையல்ல. வோற்றுமானியொன்றும் நீர்மானியொன்றும் கையிலிருந்தால், நோய் எங்குளது என்பதைப் படிப்படியாகக் கண்டறியலாம். அம்முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் பற்றரியின் இயல்பை நோக்குவோம். பிரான்சு நாட்டவரான பிளாந்தே என்பார் 1859இல் ஈயவமிலக் கலத்தை அமைத்தார். மின்னேற்றிய கலத்தில் ஒரு தகடு ஈயம், மற்றையது ஈயவீரொட்சைட்டு, இரண்டும் ஐதான கந்தகவமிலத்தில் தோய்ந்துள்ளன. மின்னோட்டம் வெளியேறும்போது இரு தகடுகளும் ஈயச்சல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகின்றது. மின்னேற்றும்போது இவையாவும் மறுதலையாக நிகழும். அமிலம் செலவாவதாலேதான் கரைசலின் தன்னீர்ப்பு குறைகின்றது. கலத்தில் எவ்வளவு மின்னேற்றம் எஞ்சியுள்ளதென்பதை நீர்மானி காட்டுவதும் இதனாலேயே. நிறைவாக மின்னேற்றிய கலத்தில் தன்னீர்ப்பு ஏறத்தாழ 1.277; ஓய்வு நிலையில் அதன் அழுத்தம் ஏறத்தாழ 2.12 வோற்று. மின்னேற்றம் பாதியாகும்போது இவை முறையே 1.172, 2.02 என்றாகின்றன. ஆகவே, நிறைவுக்கும் பாதிக்குமிடையே ஒரு கலத்தில் உள்ள வேறுபாடு பத்திலொரு வோற்றே. நுண்மையாக அளக்காதவன் இங்கு எதையுங் காணமாட்டான்.

48 வோற்று வண்டிகளிற் பெரும்பாலும் 8 வோற்றுப் பற்றரிகள் ஆறு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு கலங்கள். ஆக 24 கலங்கள். பழைய 36 வோற்று வண்டிகளில் 6 வோற்றுப் பற்றரிகள் ஆறு, அதாவது 18 கலங்கள். தொடரிணைப்பில் எல்லாக் கலங்களினூடாகவும் ஒரே மின்னோட்டமே செல்லும். ஆதலால் மெலிந்த ஒரு கலம் முழுத்தொகுதியின் ஆற்றலையும் தன் அளவுக்கு இறக்கிவிடும்.

அளக்கத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. மின்னேற்றத்தின் இறுதிக்கட்டத்தில் ஐதரசன் வாயு வெளிவருகின்றது. காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கை எட்டினால், ஒரு பொறியே வெடிப்புக்குப் போதும். காற்றோட்டமுள்ள இடத்தில், கண்காப்புக் கண்ணாடி அணிந்து, மோதிரத்தையுங் கைக்கடிகாரத்தையுங் கழற்றிவைத்த பின்னரே பற்றரியை அணுகுதல் வேண்டும். முனைகளுக்கு குறுக்கே விழுந்த திருகுசாவி செந்தணலாய்க் காய்வதைக் கண்டவர் இதை மிகைக்கூற்றென்னார்.

வண்டியை முற்றாக மின்னேற்றி, மின்னேற்றியைக் கழற்றி, சில மணிநேரம் ஓய்வாக விடுக. அதன்பின் தொகுதியின் மொத்த அழுத்தத்தை அளந்தால் ஏறத்தாழ 51 வோற்று இருத்தல் வேண்டும். மொத்தத்தை மட்டும் அளந்து நின்றுவிடுதலே பலர் செய்யும் பிழை. ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். மொத்தம் 48.3 வோற்று என்க. மேற்கூறிய கணக்கின்படி இது பாதி மின்னேற்றத்தைக் குறிப்பதாகத் தோன்றும். மின்னேற்றி பழுது எனத் தீர்மானிக்கவுந் தோன்றும். ஆனால் பற்றரிகளைத் தனித்தனியே அளந்தபோது ஐந்தில் 8.4 வோற்றும் ஒன்றில் 6.3 வோற்றும் காணப்படின், செய்தி முற்றும் வேறு. ஐந்து பற்றரிகள் நல்ல நிலையில் உள்ளன. ஆறாவதில் ஒரு கலம் முற்றாக இறந்துவிட்டது. ஒரே கூட்டுத்தொகை, இரு வேறு நோய்கள்.

இறந்த கலத்தைக் கவனியாது வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்தினால், நோய் பரவும். மின்னேற்றி 24 கலங்களுக்கென அமைந்தது. முடிவில் அது கொடுக்கும் ஏறத்தாழ 59 வோற்றை 23 கலங்களே பங்கிட நேரும்போது ஒவ்வொன்றும் மிகையாக மின்னேறி, நீரை இழந்து, வெப்பமுறும். ஒரு பற்றரியை மாற்றாதவர் அடுத்த ஆண்டு ஆறையும் மாற்றுவது இவ்வாறுதான். எனினும், மற்றைய ஐந்தும் வயது முதிர்ந்தனவாயின் புதியதொன்றை அவற்றோடு சேர்ப்பதிற் பயனில்லை. பழையவற்றின் தளர்ச்சிக்குப் புதியது இழுபடும். தொகுதி இளமையாயிருக்கும்போதே ஒன்றை மாற்றுதல் தகும்.

ஓய்வுநிலையில் எல்லாம் ஒத்திருந்து, ஏற்றத்தில் மாத்திரம் வண்டி தளருமாயின், சுமையின்கீழ் அளத்தல் வேண்டும். ஒருவர் வண்டியைச் செலுத்த, மற்றொருவர் ஒவ்வொரு பற்றரியின் அழுத்தத்தையுங் குறிக்கலாம். எல்லாம் ஒருங்கே சிறிது இறங்கினால் அது இயல்பு. ஒன்று மட்டுஞ் சரிந்தால் அதுவே நோயாளி. இங்கே கொள்ளளவு பற்றியும் ஒரு சொல். 225 அம்பியர்-மணி எனக் குறிக்கப்படும் 6 வோற்றுப் பற்றரி, இருபது மணிநேரத்தில் மெல்ல இறக்கும்போதே அவ்வளவைத் தரும். 75 அம்பியர் வீதம் இழுத்தால் ஏறத்தாழ 115 நிமிடங்களே ஓடும். அதாவது 144 அம்பியர்-மணிக்கு மேலில்லை. பற்றரி ஏமாற்றுகின்றதென முறையிடுவோர் இதனை அறிதல் நன்று.

பற்றரிகள் யாவும் ஒத்திருந்தும் வண்டி தளர்ந்தால், இணைப்புகளைப் பார்க்க. வண்டி புறப்படும்போது 200 அம்பியர் வரை பாயக்கூடும். ஒரு முனையில் நூறிலொரு ஓம் தடை இருப்பின், அங்கே 2 வோற்று வீணாகும். 400 வாற்று வெப்பமாக வெளிப்படும். ஈயமோ 327 பாகை செல்சியசில் உருகுவது. உருகிய முனைகள் இப்படித்தான் தோன்றுகின்றன. சிறிது ஓடியபின் நிறுத்தி, வெப்பத்தைக் கையை அருகே கொணர்ந்து உணர்ந்தாலே குற்றவாளி இணைப்புத் தெரிந்துவிடும். வடத்தைக் கழற்றி, சோடா உப்புக் கரைசலாற் கழுவி, உலர்த்தி, இறுக்கினால் போதும். கரைசல் கலத்தினுட் புகலாகாது. மூடிகள் மூடியிருத்தல் வேண்டும்.

மின்னேற்றி வேலைசெய்யவில்லை என்னும் முறையீடு தனியே ஆராயத்தக்கது. சுவர்ச் செருகியில் மின்சாரம் உண்டா, உருகி நன்றாயுள்ளதா என்பன வெளிப்படை. அவற்றைக் கடந்தால், வியப்பூட்டும் ஒரு காரணம் உண்டு. பழைய மின்னேற்றிகள் பலவற்றில், பற்றரித் தொகுதியின் அழுத்தமே உள்ளிருக்கும் அஞ்சலியை இழுத்து மின்னேற்றத்தைத் தொடக்குகின்றது. பலமாதம் ஓடாது கிடந்து தொகுதி வெகுவாய் இறங்கிவிட்டால், அவ்வஞ்சலி இயங்காது. மின்னேற்றி நல்லது, பற்றரிகளும் ஒருவேளை நல்லனவாகலாம், எனினும் இரண்டும் ஒன்றையொன்று அறியா. ஒவ்வொரு பற்றரியையும் அதற்குரிய சிறு மின்னேற்றியினாற் சிறிது உயர்த்தினால், பெரிய மின்னேற்றி தானே விழித்துக்கொள்ளும். ஆயின் நெடுநாள் இறங்கிக்கிடந்த தகடுகளில் ஈயச்சல்பேற்று கெட்டியான பளிங்குகளாகி விடும். அவற்றுள் ஒரு பகுதி மீண்டுங் கரையாது. இழந்த அக்கொள்ளளவை எந்த மின்னேற்றியும் மீட்டுத் தராது.

நீரூற்றுவதிலும் முறையுண்டு. காய்ச்சி வடித்த நீரையே, மின்னேற்றிய பின்னர் ஊற்றுதல் வேண்டும். மின்னேற்றும்போது கரைசல் விரிந்து பொங்குமாதலின். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவற்றை மூடுமளவு முன்னரே ஊற்றலாம். குறைந்தது நீரேயாதலால், அமிலத்தை ஒருபோதும் ஊற்றலாகாது. நீர்மானியை வாசிக்கும்போது வெப்பநிலைத் திருத்தமும் வேண்டும். மேற்கூறிய எண்கள் 27 பாகை செல்சியசுக்கு உரியவை. யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்தில் இத்திருத்தம் பெரும்பாலும் புறக்கணிக்கத்தக்கது. மினசோட்டாவின் குளிர்காலத்திலோ அதனை விட்டால் முடிவு பிழைக்கும்.

இன்னொரு காரணம் பலர் கண்ணிற் படுவதில்லை. வானொலிக்கும் விளக்குகளுக்கும் 12 வோற்று வேண்டுமென்று, ஆறில் இரண்டு 6 வோற்றுப் பற்றரிகளிலிருந்து மட்டும் கம்பி இழுப்பர். அவ்விரண்டும் ஏனையவற்றினும் முன்னே இறங்கி, நாளடைவில் முன்னே சாகும். ஆண்டுதோறும் அதே இடத்துப் பற்றரி கெடுமாயின், பற்றரியை விட்டுக் கம்பியைத் தொடர்ந்து செல்க. முழுத்தொகுதியிலுமிருந்து அழுத்தங் குறைக்கும் கருவியொன்றின் வழியே 12 வோற்றைப் பெறுவதே இதற்குப் பரிகாரம்.

அண்மைக் காலத்து வண்டிகள் பலவற்றில் இலிதியம் பற்றரிகள் இடம்பெற்றுள்ளன. அவற்றில் நீர்மானிக்கு வேலையில்லை. உள்ளேயுள்ள காவற்சுற்று, ஆபத்தைக் கண்டால் வெளியீட்டைத் துண்டித்துவிடும். அப்போது வோற்றுமானி சுழியத்தைக் காட்டினும் பற்றரி இறந்ததாகாது. அவற்றுக்கென அமைந்த மின்னேற்றியை இணைத்தால் பெரும்பாலும் அச்சுற்று மீளத் திறக்கும். ஈயவமிலப் பற்றரிக்குரிய பழைய மின்னேற்றியை அவற்றோடு இணைத்தலாகாது.