‘ஹேவ்’ வந்தா எந்த வெர்ப் வரணும்?

இன்னைக்கு எபிசோடுல ஒரே ஒரு தப்பை மட்டும் சரிபண்ணப் போறோம்.

ஒரு இன்டர்வியூ. "புரோகிராம் எழுதியிருக்கீங்களா?"ன்னு இங்கிலீஷ்ல கேக்குறாங்க. வேலை நல்லாத் தெரிஞ்ச பையன்தான். "யெஸ், ஐ ஹேவ் ரோட் மெனி புரோகிராம்ஸ்"னு பதில் சொல்றான். விஷயம் புரிஞ்சுடும். ஆனா கேக்குறவர் காதுல அந்த ‘ரோட்’ உறுத்தும். அங்க வரவேண்டியது ‘ரிட்டன்’.

ரைட், ரோட், ரிட்டன்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணியிருப்போம். இதுல ரெண்டாவது தனியா நிக்கும்: ஐ ரோட், அதாவது எழுதினேன். ஹேவ், ஹேஸ், ஹேட் துணைக்கு வந்துட்டா மூணாவதுதான் வரும்: ஐ ஹேவ் ரிட்டன், எழுதியிருக்கேன்.

தமிழ்ல இதை நாம தப்பாவே சொல்றதில்ல. ‘எழுதினேன் இருக்கேன்’னு யாராவது சொல்வாங்களா? ‘எழுதி’யோடதான் ‘இருக்கேன்’ சேரும். ‘ஐ ஹேவ் ரோட்’ கிட்டத்தட்ட அந்த ‘எழுதினேன் இருக்கேன்’ மாதிரிதான்.

இன்னொன்னு கவனிங்க. எழுதியிருக்கேன், எழுதியிருக்கா, எழுதியிருந்தேன், எழுதியிருப்பேன். மாறுறது ‘இரு’ மட்டும்தான், ‘எழுதி’ அப்படியே நிக்குது. இங்கிலீஷ்லயும் அதே கதை: ஐ ஹேவ் ரிட்டன், ஷி ஹேஸ் ரிட்டன், ஐ ஹேட் ரிட்டன், ஐ வில் ஹேவ் ரிட்டன்.

வொர்க், ப்ளே மாதிரி வெர்புகள்ல சிக்கலே இல்ல. ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணுதான். நாம மாட்டிக்கிற இடம் வேற:

கோ, வென்ட், கான்
ஈட், ஏட், ஈட்டன்
ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க்
கம், கேம், கம்
ரன், ரேன், ரன்

கடைசி ரெண்டையும் பாருங்க, மூணாவதுல முதல் வடிவமே திரும்பி வருது. அதனால ‘ஹி ஹேஸ் கேம்’ இல்ல, ‘ஹி ஹேஸ் கம்’.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். தமிழ் எல்லா இடத்துலயும் கைகொடுக்காது. "நேத்து கோயிலுக்குப் போயிருந்தேன்"னு சாதாரணமா சொல்வோம். அதை அப்படியே ‘ஐ ஹேட் கான்’னு மாத்திடாதீங்க. வெறுமனே நேத்து நடந்ததைச் சொல்ல ‘ஐ வென்ட்’ போதும். அதுக்கப்புறம் நடந்த இன்னொன்னையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் ‘ஹேட் கான்’ தேவைப்படும்: "நீங்க வந்தப்போ நான் கோயிலுக்குப் போயிருந்தேன்."

இன்னைக்கு ராத்திரிக்குள்ள நீங்க செஞ்சு முடிச்ச அஞ்சு வேலையை ‘ஐ ஹேவ்’னு ஆரம்பிச்சு சத்தமா சொல்லிப் பாருங்க. மனசுல ‘எழுதியிருக்கேன்’ ஓடட்டும், வாயில மூணாவது வடிவம் வரட்டும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்!