அலைகள் காத்த கரை
(பத்தாம் வகுப்பு மாணவி)

போர்ப் படைகள் இறங்கிய கடற்கரை என்றதும், 1944 ஜூன் 6 அன்று நேசநாட்டுப் படைகள் இறங்கிய நார்மண்டிதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அனுமந்தையிலிருந்து காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பக்கூடிய தொலைவிலேயே, போரைக் கண்ட கரை நமக்கும் உண்டு.

முதலில் ஒன்றை அறிந்துகொள்வோம். நம் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் அணையத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. கரையோரம் ஆழம் குறைவு, அலையோ ஓய்வதில்லை. ஆகையால் அக்காலக் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. வீரர்களும் மூட்டைகளும் சலங்கு, மசூலா என்னும் படகுகளில்தான் கரை சேர்ந்தனர். இப்படகின் பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை மோதும்போது பலகைகள் வளைந்து கொடுக்கும், உடையமாட்டா. எவ்வளவு பெரிய தளபதியானாலும் நம் கரையோர மக்களின் துடுப்பை நம்பியே மண்ணை மிதித்தார் என்றால் மிகையாகாது.

அனுமந்தைக்கு வடக்கே மரக்காணம். வெண்ணிற உப்புக் குவியல்களைக் கண்டபின், சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ள பூமீஸ்வரர் கோயிலைக் காணலாம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்று அறிஞர் பலர் கருதுவர்.

மேலும் வடக்கே சென்றால், கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட இக்கோட்டை ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலி கானின் ஆட்சியில் இருந்தது. இங்கு நாணயச்சாலையும் இருந்தது. 1750-இல் முசாபர் ஜங் இதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு அளித்தார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசிப் போரில் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். அவ்வாண்டே ஆங்கிலேயர் ஆலம்பரையைக் கைப்பற்றித் தகர்த்தனர். புதுச்சேரிக்கு வடக்கே பிரெஞ்சுக்காரர் பொருள் இறக்கத்தக்க கரை ஒன்று இவ்வாறு பறிபோயிற்று.

பிறகு புதுச்சேரி முற்றுகையிடப்பட்டது. 1761 ஜனவரி 1 அன்று வீசிய புயலில் ஆங்கிலக் கப்பல்கள் சில மூழ்கின. ஆயினும் முற்றுகை தளரவில்லை. எதிர்பார்த்த பிரெஞ்சுக் கப்பற்படையும் வரவில்லை. உணவின்றித் தவித்த நகரம் ஜனவரி 16 அன்று பணிந்தது. கடல்வழி அடைபட்டால் கோட்டைச் சுவர் எத்தனை உயரமானாலும் பயனில்லை என்பது இதனால் விளங்குகிறது.

பீரங்கிக்குத் தப்பிய சுவர்களை 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மேலும் சிதைத்தது. எஞ்சியவற்றைக் காப்பது நம் கையில் உள்ளது. தோழியரே, அங்குச் செல்லும்போது குடிநீரும் குடையும் கொண்டு செல்லுங்கள். நினைவுக்கென ஒரு செங்கல் துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். சுவரில் பெயர் எழுதாதீர்கள். மீன்பிடிக்கும் பெரியவர்களைக் கண்டால், பழைய தையற்படகுகளைப் பற்றிக் கேளுங்கள். டூப்ளே, லாலி ஆகியோரின் பெயர்கள் நம் பாடநூலில் உள்ளன. அலையைக் கடந்து அவர்களுடைய வீரர்களைக் கரை சேர்த்தவர்களின் பெயர்கள் எந்தப் பாடத்திலும் இல்லை. கேட்டு எழுதி வைப்பது நம் கடமையாகும்.