ஏரிக்கரைக் கணக்கு – 9: மீட்டர் யார் பேரில்?

பழவேற்காட்டு மீன் வியாபாரத்துக்குக் காலைப் பொழுதுதான் உயிர். ஏரியில் பிடித்த இறாலும் மடவையும் நண்டும் ஏலம் போய், ஐஸ் போட்டு, குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டியில் ஏறி, பொன்னேரி, மீஞ்சூர் தாண்டிச் சென்னைக்குள் நுழைந்தாக வேண்டும். ஐஸ் பெட்டி வரை போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் குட்டியானை.

டீசல் வண்டி என்றால் பெரிய யோசனை வேண்டாம். வழியில் பங்க் இருக்கிறது. டிரைவர் பில்லை வாங்கி முதலாளியிடம் நீட்டிவிடுவார். மின்சார வண்டி வாங்கும் கம்பெனிக்கு முதல் கேள்வியே வேறு. வண்டி எங்கே நிற்கும்? அங்கே மீட்டர் யார் பேரில் இருக்கிறது?

சென்னையில் இதற்கு விடை டெப்போ. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. பேருந்தை வாங்கி ஓட்டுவது ஒப்பந்த நிறுவனம். மாநகர் போக்குவரத்துக் கழகம் ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் தருகிறது. எல்லா வண்டியும் ஒரே இடத்துக்குத் திரும்பி வருவதால் சார்ஜ் ஏற்றுவதும் கணக்குப் பார்ப்பதும் ஒரே காம்பவுண்டுக்குள் முடிந்துவிடுகிறது.

இரண்டே வண்டி வைத்திருக்கும் மீன் கம்பெனிக்கு ஏது டெப்போ? வண்டி டிரைவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். அங்கேதான் சிக்கல். டாட்டா ஏஸ் மின்சார வண்டி 2022-ல் வந்தபோது அதன் பேட்டரி 21.3 யூனிட் கொள்ளளவு. 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் ராத்திரிப் பொழுதுக்குள் நிரம்பிவிடும். நாளுக்கு 20 யூனிட் என்று வைத்தாலும் இரண்டு மாதத்தில் 1,200. தமிழ்நாட்டில் 2025-ம் ஆண்டுக் கட்டணப்படி வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம்; 500-ஐத் தாண்டினால் அடுத்தடுத்த படிகளில் விலை ஏறுவது மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இருந்த குறைந்த விலையும் பறிபோகும். டிவியும் மிக்ஸியும் ஓடிய வீட்டின் பில், கம்பெனி வண்டியால் வீங்கிவிடும். “யூனிட்டுக்கு இவ்வளவு” என்று ஒரே விலையில் கம்பெனி திருப்பித் தந்தால், நஷ்டம் டிரைவருடையது. சார்ஜருக்குத் தனி மீட்டர் வைத்து, கம்பெனி பேரிலேயே இணைப்பு வாங்குவதுதான் நியாயம்.

இன்னொரு வழி, பலருக்கும் பொதுவாக ஒரு சார்ஜர். சட்டம் அதில் குறுக்கே நிற்கவில்லை. சார்ஜ் ஏற்றித் தருவது மின்சார விற்பனை அல்ல, சேவை. அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. அதே அமைச்சகத்தின் 2024 வழிகாட்டி பொது சார்ஜிங் நிலையங்களுக்கு இன்னொன்றையும் சொல்கிறது. காலை 9 முதல் மாலை 4 வரை, சூரிய மின்சாரம் பாயும் நேரத்தில், சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு. ராத்திரி ஏற்றுவது கிட்டத்தட்ட இரட்டை விலை!

ஆன்லைன் பார்சல் கம்பெனிகளுக்கு இது தலைவலி. அவர்கள் வண்டி பகலில்தான் ஓடியாக வேண்டும். மீன் வண்டியோ நேர் எதிர். விடிகாலையில் போய், சந்தை முடிந்து திரும்பினால் பகலெல்லாம் சும்மா நிற்கும். மலிவு நேரம் அதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. இதை ஏன் யாரும் மீனவர்களிடம் எடுத்துச் சொல்வதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

தூரம் மட்டும் இடிக்கிறது. போய்வர நூறு கிலோமீட்டருக்கு மேல்; ஏஸ் வண்டிக்குச் சான்றிதழில் 154. ஐஸும் மீனும் ஏற்றினால் அது குறையும். முந்தின நாள் மின்வெட்டு என்றால் மறுநாள் சரக்கு கரையிலேயே கிடக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னைப் பக்கம் நாள்கணக்கில் இருண்டு கிடந்தது நினைவிருக்கும். உப்புக் காற்றில் பிளக் முனைகள் அரிக்கும், தாழ்ந்த தரையில் வெள்ளம் ஏறும். மேடை கட்டி, மூடி வைத்துத்தான் சார்ஜர் பொருத்த வேண்டும்.

இத்தனைக்கும் கரண்ட் பிறப்பது பக்கத்தில்தான். தெற்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், அதையொட்டி வல்லூர். 

மீன்வளத்துறையிடமும் மின்வாரியத்திடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பழவேற்காடு ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பேரில், தனி மீட்டரோடு நாலு சார்ஜர் வையுங்கள்.