கல்லெழுத்தைப் பிடித்த மரப்பெட்டியும் நம் கைப்பேசியும்

1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை லினேயஸ் டிரைப் படம் பிடித்தார். ஒரே படத்தில் அடங்குகிற நீளமா அது? கேமராவைச் சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி 21 துண்டுகளாக எடுத்து, அச்சிட்டு, ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டினார். விரித்து வைத்தால் ஏறத்தாழ 19 அடி. தானும் தன் அக்காவும் அரசிகளும் பிறரும் கோயிலுக்குக் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் கணக்குப் புத்தகம், அப்படித்தான் முதலில் காகிதத்தில் நிழலாக இறங்கியது.

டிரைப் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி. சென்னை மாகாண அரசு 1856-ல் அவரைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்து, தஞ்சை அரசு கம்பெனியின் கைக்குப் போய், டிரைப் தஞ்சைக்கு வந்தபோது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. மாட்டு வண்டிகளில் மரக் கேமரா, முக்காலி, மருந்துகள், மெழுகு தோய்த்த காகித நெகட்டிவுகள், கண்ணாடித் தகடுகள் எல்லாம் வந்து இறங்கின. அந்தக் காகிதத்தில் உருவம் பதிய நிமிடக்கணக்கில் ஆகும். கல்லுக்குச் சரியாக ஒளி விட்டால் வானம் வெளுத்துப் போகும். அதனால் நெகட்டிவிலேயே தூரிகையால் மேகம் தீட்டிச் சேர்த்தார். இவ்வளவு பாடுபட்டு எடுத்த தஞ்சை, திருவையாற்றுப் படங்கள் தனித் தொகுப்பாகவே வெளிவந்தன. ஆனால் ஆளுநராக வந்த டிரெவெல்யன், அரசுக்கு இது தேவையில்லாத செலவு என்று முடிவு செய்தார். 1860-ல் அந்தப் புகைப்படப் பிரிவு மூடப்பட்டது.

படம் எடுப்பது அத்தனை செலவாக இருந்ததால்தான் டிரைப் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை தேட வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன். எங்கே நிற்பது, எந்த வெயிலில் எடுப்பது, இந்தப் படம் எதற்கு? கைப்பேசியில் நன்றாகப் படம் எடுக்கக் கற்றுக்கொள்வது என்றால் எனக்கு இந்த மூன்றையும் மீண்டும் கற்றுக்கொள்வதுதான். மற்றதையெல்லாம் கருவி பார்த்துக்கொள்கிறது.

டிரைப்புக்கும் நமக்கும் நடுவே ஸ்டுடியோக்களின் நீண்ட காலம் ஒன்று இருந்தது. கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் என்று கடைத்தெரு உள்ள ஊரிலெல்லாம் ஒரு ஸ்டுடியோ. சீனரி எழுதிய படுதா, கைவைத்த நாற்காலி, சுவரில் கண்ணாடி, அதன் கீழே சீப்பும் பவுடர் டப்பாவும். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்கண்ணே, தோளைத் தளர விடுங்க, ஆங், அசையாதீங்க” என்று சொல்லிவிட்டு ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விடுவார். 120 ரோலில் 12 படம், 35 மில்லிமீட்டர் ரோலில் 36. உதகையில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் செய்த ‘இந்து’ ஃபிலிமாக இருந்தாலும் வெளிநாட்டு ஃபிலிமாக இருந்தாலும் ஒன்று வீணானால் வீண்தான். கழுவி, பிரிண்ட் போட்டு, கைக்கு வரும்வரை கண் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று தெரியாது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த பெரியவர்களும் இருந்தார்கள். அப்படிப் பயந்தவர்களின் முகம் இன்று வீட்டில் யாரிடமும் இல்லை.

இப்போது ஒரு தொடுதலில் கைப்பேசி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது. இருட்டை வெளிச்சமாக்குகிறது, வெளுத்த வானத்தை மீட்கிறது. டிரைப் தூரிகையால் செய்ததைக் கணக்குப் போட்டே செய்துவிடுகிறது. நமது சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எல்லா நிழலையும் அது தூக்கிவிடுவதால் கல் தட்டையாகிவிடுகிறது. நாற்றங்காலின் இளம்பச்சை பிளாஸ்டிக் பச்சையாகிறது. உழைத்துச் சுருங்கிய முகத்தை அது கேட்காமலே வழவழப்பாக்கிவிடுகிறது. ஆகவே நல்ல படத்துக்கான முதல் பாடம் குறைப்பது. திரையில் வெளிச்சம் அதிகமான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை விரலால் கீழே இழுங்கள். முகத்தை அழகாக்கும் வசதியை அணைத்து வையுங்கள். அதற்கும் முன்னால் லென்ஸைத் துடையுங்கள். கோயிலுக்குப் போய் வந்த கையில் விபூதியும் எண்ணெயும் இருக்கும், அந்தப் பூச்சுதான் பாதிப் படங்களை மங்கலாக்குகிறது.

கல்வெட்டுக்கே மறுபடி வருகிறேன், ஏனென்றால் ஒளியைப் பற்றி இதைவிடத் தெளிவாகச் சொல்லித் தரும் இடம் நம் தஞ்சை மாவட்டத்தில் இல்லை. கல்லில் வெட்டிய எழுத்து ஒரு பள்ளம். பள்ளத்தில் நிழல் விழுந்தால்தான் எழுத்து தெரியும். நேர் எதிரிலிருந்து ஒளி வந்தால், குறிப்பாகக் கைப்பேசியின் ஃபிளாஷ் அடித்தால், பள்ளமும் மேடும் ஒரே வெளுப்பாகிவிடும். வெயில் சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும் நேரம்தான் வேண்டும். பங்குனியில் சூரியன் ஏறக்குறைய நேர்கிழக்கில் எழுவதால் காலை ஒளி தெற்குச் சுவரின் மேல் நீளவாக்கில் சாய்கிறது. மேற்குச் சுவருக்கு உச்சிப்பொழுது தாண்டி வெயில் சாயத் தொடங்கும் நேரம் நல்லது, அப்போது ஒளி மேலிருந்து கீழாக வழியும். மார்கழியின் நடுப்பகலில் தெற்குச் சுவர் வெயிலை இன்னும் நேராக வாங்குவதால் அதே வரிகள் சற்று மங்கித் தெரியும். ஒரே சுவர், ஒரே கைப்பேசி. நேரம் மட்டும்தான் வேறு.

நீளமான கல்வெட்டுக்குக் கைப்பேசியின் பனோரமாவை நம்ப வேண்டாம். நின்ற இடத்தில் உடம்பைத் திருப்பி எடுப்பதற்காகச் செய்யப்பட்டது அது. தட்டையான சுவரை அப்படி எடுத்தால் நடு உப்பி ஓரம் சிறுத்துவிடும். டிரைப் செய்த வழியே சரி. சுவரிலிருந்து ஒரே தூரம், தரையிலிருந்து ஒரே உயரம், கைப்பேசி சுவருக்கு இணையாக. ஓரடி நகர்ந்து ஒரு படம், முந்தைய படத்தின் மூன்றில் ஒரு பங்கு அடுத்ததிலும் வர வேண்டும். வீட்டுக்கு வந்து பொறுமையாகச் சேர்த்துக்கொள்ளலாம். கல்வெட்டு அறிஞர்கள், தஞ்சைக் கல்வெட்டுகளைப் பதிப்பித்த ஹுல்ஷ் காலத்திலிருந்து, எழுத்தின்மேல் காகிதம் ஒற்றி மைப்படி எடுத்துத்தான் படித்தார்கள். 1891 முதல் அச்சான தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் பெரும்பகுதி தஞ்சைக் கல்வெட்டுகள் இப்படி வாசிக்கப்பட்டதன் பயன். ஊர்ப்புறத்துச் சின்னக் கோயில்களின் சுவரில், திருப்பணியின்போது சுண்ணாம்பு ஏறி மறைந்துபோகும் வரிகளுக்கு உங்கள் கைப்பேசிப் படமே கடைசிப் படியாக இருக்கக்கூடும்.

சுமார் இருநூறு அடி உயர்ந்து நிற்கும் விமானத்தை அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். அகன்ற லென்ஸுக்கு மாறினால் இன்னும் மோசம். சுமார் 240 மீட்டர் நீளமுள்ள திருச்சுற்று சும்மா கிடக்கிறதே, மூலைவரை பின்னே போய், வழக்கமான லென்ஸிலேயே கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுங்கள். கீழே தரை அதிகமாக வந்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

முகங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்விளக்கு வருமுன் ஸ்டுடியோக்காரர்கள் கண்ணாடிக் கூரை போட்டு வடக்கு வெளிச்சத்தை உள்ளே வரவழைத்தார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் முற்றம் அதையே செய்கிறது. “அப்பாயி, தூணோரமா வந்து முத்தத்தைப் பாத்து உக்காரு” என்று சொன்னால் போதும். மேலிருந்து வரும் வெளிச்சம் தரையில் பட்டு முகத்துக்குத் திரும்பும், கண்ணில் ஒரு சிறு ஒளிப்புள்ளி நிற்கும், பின்னால் ரேழி தானாக இருண்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிய நாளென்றால் வயல்வெளி முழுதும் இப்படி ஒரு முற்றம்தான். நடவு ஆட்களைப் படம் எடுப்பவர்கள் வரப்பில் நின்றபடியே குனிந்த முதுகுகளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கிட்டே போய்க் கேளுங்கள், பேர் சொல்லுவார்கள், நிமிர்ந்து பார்ப்பார்கள். எடுத்த படத்தை அவர்களுக்கும் அனுப்புங்கள்.

டிரைப்பின் மூன்றாவது கேள்வியான ‘எதற்கு’ என்பதற்குப் புதுச்சேரியின் பிரெஞ்சு நிறுவனம் தெளிவான விடை வைத்திருக்கிறது. 1950-களிலிருந்தே அதன் ஆட்கள் தமிழகத்துக் கோயில்களுக்குப் போய், சிற்பங்களையும் செப்புத்திருமேனிகளையும் படம் எடுத்துச் சேர்த்தார்கள். கலைநயத்துக்காக மட்டும் எடுத்தவையல்ல, பதிவுக்காக எடுத்தவை. கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் திருடப்பட்டு ஆஸ்திரேலிய தேசிய ஓவியக் கூடத்துக்கு விற்கப்பட்டபோது, அவர் எந்த ஊர்க்காரர் என்று நிலைநாட்ட உதவியது இந்தத் தொகுப்பில் இருந்த 1994-ஆம் ஆண்டுப் படம். 2014-ல் அவர் நாடு திரும்பினார்.

நாம் எடுக்கும் சுவாமி படங்களை எண்ணிப் பாருங்கள். வீதியுலாவில் பட்டும் மாலையும் மூடியிருக்க, முகம் மட்டும் தெரியும் படங்கள். பக்திக்கு அவை போதும், அடையாளத்துக்குப் போதா. ஊர்க் கோயிலில் செயல் அலுவலர், குருக்கள், பெரியவர்கள் எல்லோரும் ஒப்பினால், அலங்காரம் இல்லாத நிலையில் முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கங்கள், பீடம், பீடத்தில் எழுத்து இருந்தால் அது, விரல் உடைந்தோ தேய்ந்தோ இருந்தால் அது, பக்கத்தில் ஓர் அளவுகோல் என்று எடுத்து வைக்க வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், உலோகத்தில் வெள்ளைத் திட்டு விழும். வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் படட்டும். கை நடுங்கினால் தூணில் முழங்கையை ஊன்றிக்கொள்ளுங்கள். பொதுவில் போடவும் கூடாது, அது திருடனுக்கும் உதவும்.

இதே கேள்வியை வயலுக்கும் கொண்டுபோகலாம். நெல் மஞ்சளடித்தால் நம் விவசாயி இப்போது வேளாண் அலுவலருக்குக் கைப்பேசியில் படம் அனுப்புகிறார். பத்தடி தூரத்திலிருந்து எடுத்த பசுமையான பெருவெளியைப் பார்த்து யாரும் எதையும் சொல்ல முடியாது. மூன்று படம் வேண்டும். முதலாவது வயல், பாதிப்பு வட்டமாக இருக்கிறதா, ஓரத்திலா, முழுக்கவா என்று தெரிய. இரண்டாவது தூரின் அடி. புகையான் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைப் பற்றிக்கொண்டிருக்கும், பயிரை விலக்கித்தான் எடுக்க முடியும். மூன்றாவது ஒற்றை இலை. குலைநோயென்றால் நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் கொண்ட, இரு முனையும் கூரான புள்ளி இருக்கும். இலையை உள்ளங்கையில் விரித்து, உங்கள் நிழல் அதன்மேல் விழுமாறு நில்லுங்கள், நேர்வெயிலில் இலை பளபளத்துப் புள்ளி மறையும். மிக அருகே போனால் கைப்பேசிக்குக் குவியம் கிடைக்காது. ஒரு சாண் தள்ளி, இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் கூர்மையாக வரும்.

மழையிலோ புயலிலோ பயிர் சாய்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்த பின் தென்னந்தோப்புகளின் எத்தனையோ படங்கள் உலவின. பலவற்றில் இது யாருடைய தோப்பு என்று காட்டும் ஒரு தடயமும் இல்லை. மதகு, எல்லைக்கல், மோட்டார் கொட்டகை, மின்கம்பத்தின் எண் இவற்றில் ஏதாவது ஒன்று சட்டகத்துக்குள் இருக்கட்டும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவைத் திறந்து வையுங்கள். அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாகப் போட்டால் அளவு சுருங்கி, எடுத்த இடமும் நேரமும் உதிர்ந்துவிடும். இணைப்புக் குறியைத் தொட்டு ‘டாக்குமென்ட்’ என்பதில் போய் அதே படத்தைத் தேர்ந்து அனுப்பினால், தேதியும் இடமும் பெரும்பாலும் படத்தோடேயே போய்ச் சேரும்.