தொழிற்பழகுநர் பயிற்சி: இடமும் வாழ்வழியும்

கடைசல் வேலையைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் இயந்திரத்தின் முன் நின்று பழகினால்தான் அது கைக்கு வரும். இப்பயிற்சியை முறைப்படுத்தவே நம் நாட்டில் 1961ஆம் ஆண்டில் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பெற்றது.

ஆலையில் உறவினரோ அறிமுகமானவரோ இல்லாத இளைஞருக்கு அங்கே பயிற்சி பெறுவது எளிதன்று. எனவே 1973ஆம் ஆண்டுத் திருத்தம் ஷெட்யூல்டு வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வகை செய்தது. 2007ஆம் ஆண்டுத் திருத்தம் பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினரையும் இதில் சேர்த்தது.

எனினும், இடம் கிடைப்பது மட்டும் போதாது. கிராமத்திலிருந்து வரும் இளைஞருக்கு நகரில் வாடகையும் உணவும் செலவு. அவர் ஈட்டிவந்த கூலியோ குடும்பத்திற்கு நின்றுவிடுகிறது. இந்நெருக்கடியால் அவர் பயிற்சியைப் பாதியில் கைவிட்டால் ஒதுக்கீட்டின் பயனும் வீணாகும். ஆகவேதான் மாத உதவித்தொகை வழங்குவதைச் சட்டம் நிறுவனத்தின் கடமையாக்கியுள்ளது. 2016இல் தொடங்கப்பட்ட தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம், நிர்ணயிக்கப்பட்ட தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் ரூ.1,500க்கு மிகாமல், மத்திய அரசு ஏற்க வழிசெய்தது.

சட்டத்தின் பார்வையில் பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவரே. ஆயினும் பயிற்சியின்போது விபத்தில் காயமுற்றால் இழப்பீடு பெற அவருக்கு உரிமை உண்டு. பயிற்சி ஒப்பந்தம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பதும் விதியே.

இவ்வுரிமைகளை நன்கு அறிந்து, ஒப்பந்தத்தைப் படித்துணர்ந்து கையொப்பமிடும் இளைஞரே பயிற்சியின் முழுப் பலனையும் பெறுவார். முதல் தலைமுறையாக ஆலைக்குள் நுழைவோருக்கு இவற்றை எடுத்துரைப்பது ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தார் அனைவரின் பொறுப்பாகும்.