சத்துணவுக் கூடமும் நம் கடைத் தராசும்



பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சோறு அரசாங்கத்தின் பாடு, நமக்கென்ன என்று நம்மில் பலர் இருந்துவிடுகிறோம். அது சரியல்ல. 1956-ல் பெருந்தலைவர் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது அவ்வூர் நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அரசு ஒரு பங்கும் ஊரார் ஒரு பங்கும் போட்டுத்தான் அன்று உலை கொதித்தது.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது. 2010-ல் வாரம் ஐந்து முட்டை ஆனது. வயிறு நிறைந்தால் போதும் என்ற நிலை மாறி, சத்துக் கணக்கு பார்க்கும் காலம் வந்தது.

அந்தக் கணக்கை நம் தராசில் போட்டுப் பாருங்கள். மத்திய அரசின் அளவுப்படி ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20, காய்கறி 50, எண்ணெய் 5 கிராம். நூறு பிள்ளைகளுக்குப் பத்துக் கிலோ அரிசி, இரண்டு கிலோ பருப்பு, ஐந்து கிலோ காய், அரைக் கிலோ எண்ணெய். பருப்பில் அரைக் கிலோ சொத்தையாகப் போனால் கால்வாசிப் பருப்புச் சத்து போயிற்று.

அரிசி, பருப்பு, எண்ணெய் நுகர்பொருள் வாணிபக் கழகம் வழியாக வருகின்றன. காய்கறியும் மசாலாச் சாமான்களும் உள்ளூரில் வாங்கப்படுகின்றன. அங்கேதான் நாம் வருகிறோம். பணம் வரத் தாமதமானால் அமைப்பாளர் கடன் சொல்வார். கடன் சரக்குதானே என்று மட்டச் சரக்கைத் தள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு.

நானும் தள்ளியிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் சேரன்மகாதேவிப் பக்கத்துச் சில்லறைக் கடை ஒன்றுக்குப் பழைய மிளகாய்த்தூளை விலை குறைத்துக் கொடுத்தேன். அது சத்துணவுக் கூடத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. "அண்ணாச்சி, ஒங்க வீட்டு ஒலையில இதப் போடுவியளா?" என்று சமையல்கார அம்மாள் கேட்டதாகக் கடைக்காரத் தம்பி சொன்னார். பதில் சொல்ல வாய் வரவில்லை. மீதிச் சரக்கைக் குப்பையில் கொட்டினேன்.

2013 ஜூலையில் பீகாரில் பூச்சிமருந்து கலந்த பள்ளி உணவால் 23 பிள்ளைகள் மாண்டார்கள். ஆகவே எண்ணெய், மாவு அருகில் பூச்சிமருந்தை வைக்கவே கூடாது. காலி மருந்து டப்பாவில் எதையும் அளந்து கொடுக்கக் கூடாது.

பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்தது. வாசலில் கலர் பாக்கெட் தொங்கினால் பிள்ளை சோற்றை மிச்சம் வைக்கும். கடலை மிட்டாயும் அவித்த பயறும் வைத்தாலும் வியாபாரம் நடக்கும்.

சத்துணவுக் கூடத்துக்குப் போகும் பொட்டலத்தை நம் வீட்டுக்குக் கட்டுவதுபோல் கட்டுவோம். இன்று அங்கே சாப்பிடும் பிள்ளை நாளை நம் கடைக்குச் சாமான் வாங்க வரும்.