ராமானுஜன் விட்டுவிட்ட எண்

எங்கள் இரணியல் கைத்தறிக்குப் பேர்பெற்ற ஊர். ஒரு நெசவாளரிடம் 24 துண்டுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் வராமல், சமமான கட்டுகளாகக் கட்ட வேண்டும். கட்டுக்கு 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்று எப்படியும் கட்டலாம். மொத்தம் 8 வழிகள்! துண்டு 23 ஆக இருந்தால்? கட்டுக்கு 1 அல்லது 23. வேறு வழியே இல்லை.

மீதியில்லாமல் வகுக்கும் இந்த எண்களைத்தான் காரணிகள் என்கிறோம். 24க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 8 காரணிகள் கிடையாது. இப்படித் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை 'உயர் பகு எண்' என்று சொல்லலாம்.

இவற்றை ஆராய்ந்தவர் யார் தெரியுமா? ஈரோட்டில் 1887இல் பிறந்து, கும்பகோணத்தில் படித்த நம் கணிதமேதை ராமானுஜன்தான்! 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இதுபற்றி நீண்ட கட்டுரை எழுதினார். இங்கே கல்லூரித் தேர்வில் தேறாத அவருக்கு, இந்த ஆராய்ச்சிக்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916இல் பி.ஏ. பட்டம் கொடுத்தது.

அந்தக் கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களைப் பட்டியலிட்டார். கடைசி எண் 6746328388800. கணிப்பொறி இல்லாத காலம் அது! ஆனால், நடுவில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. பின்னாளில் சரிபார்த்தவர்கள் அதைக் கண்டார்கள். அந்த எண் 293318625600. அதாவது, 29 ஆயிரத்து 331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இதற்கு எத்தனை காரணிகள்? ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டாம். ஒரு சுலபவழி உண்டு. முதலில் 24ஐப் பகா எண்களாகப் பிரியுங்கள்: 2×2×2×3. ஒரு காரணியில் 2 என்பது ஒரு தடவையும் வராமல் இருக்கலாம். அல்லது 1, 2, 3 தடவை வரலாம். ஆக 4 வாய்ப்புகள். 3 என்பது வரலாம், வராமலும் இருக்கலாம், 2 வாய்ப்புகள். 4×2=8. விடை வந்துவிட்டது!

இனி நம் பெரிய எண். அதில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள்!

இன்னொரு வேடிக்கை. விடுபட்ட எண்ணை 23ஆல் பெருக்கிப் பாருங்கள். ராமானுஜன் பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கும்! 23 புதிய பகா எண் என்பதால் காரணிகளும் இரட்டிப்பாகி 10080 ஆகும்.

ஓர் எண் விடுபட்டதால் ராமானுஜனின் பெருமை குறையவில்லை. ஆனால் மேதை எழுதியது என்று சும்மா இராமல், மறுபடியும் போட்டுப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் பட்டியல் முழுமையானது. நீங்களும் புத்தகத்தில் உள்ள விடையை ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு: 5040ம் ஓர் உயர் பகு எண்தான். அதற்கு எத்தனை காரணிகள்?

(விடை: 60)